கதவில் 177

ஜனவரி 6, சனி

பழைய பொருள் சந்தையில் வாங்கி வைத்த பெட்டியை இன்றுதான் பிரித்தேன். ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார் மாடல்: ஜப்பானின் டாமியா கம்பெனி, 1/24 அளவு (நிஜத்தில் 24இல் ஒரு பங்கு), மினி கூப்பர் 1275 எஸ். 1967 மான்டே கார்லோ ராலி என்ற கார்ப் போட்டியில் ஜெயித்த வண்டி. பிரிட்டிஷ் காரை ஒட்ட ஜப்பான் பெட்டி வேண்டியிருக்கிறது. நான் இருப்பது பர்மிங்காமில், நார்த்ஃபீல்டு பக்கம். நிஜ மினி உருவான லாங்பிரிட்ஜ் ஆலை இருந்த இடம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே இப்போது கடைகளும் வீடுகளும்.

உதிரிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் டெக்கால் தாள், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண்களும் எழுத்துகளும் உள்ள தாள், பழுத்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் பழைய வேட்டி நிறம். இதற்கு ஒரே வைத்தியம் வெயில். பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும். ஜனவரி மாதம் இங்கே வெயிலுக்கு எங்கே போக? வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, வத்தலா காயப் போட்டிருக்கே?" என்றார். ஊரில் இரண்டே நாள் வேலை, மொட்டை மாடியில்.

ஜனவரி 7, ஞாயிறு

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது.

காயும்வரை ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். உடல் 12.7 சென்டிமீட்டர். நிஜ வண்டி 3 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது பத்தடி. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், பிஎம்சி கார் கம்பெனித் தலைவர் லெனார்ட் லார்ட் சின்ன வண்டி ஒன்று கேட்டார். வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதற்கு அடியில் செருகினார், இரண்டுக்கும் ஒரே எண்ணெய். சக்கரம் வெறும் பத்து அங்குலம். என் மேஜையில் அது ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. டயரோடு சேர்த்தால் இருபது பென்ஸ் காசு. முதல் மினி 1959 ஆகஸ்டில் வெளியே வந்தது.

இன்றைய வெயில்: பூஜ்யம்.

ஜனவரி 13, சனி

இனி என் எதிரி யார் என்று தெரிந்துவிட்டது: மடிப்பு.

மினியின் நான்கு மூலையிலும் தகட்டு விளிம்புகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மற்ற கார்களில் இந்த இணைப்பு உள்ளே ஒளிந்திருக்கும். இங்கே பற்றவைத்த இடம் சட்டையின் வெளித்தையல் மாதிரி ஊருக்கே தெரியும். மாடலில் அது அரை மில்லிமீட்டர் வரம்பு. அதன்மேலேயே, அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடு வேறு ஓடுகிறது. கோட்டைத் தேய்க்க வேண்டும், வரம்பைத் தேய்க்கக் கூடாது. 1000 நம்பர் உப்புத்தாளைத் தீக்குச்சி அகலத்துக்குக் கிழித்து, ஈரமாக்கி, ஒரே திசையில் இழுத்தேன். நான்கு மடிப்புக்கு இரண்டரை மணி நேரம். மகள் வந்து, "அப்பா, நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

முதலில் அடிப்பூச்சான ப்ரைமர், அப்புறம் கூரைக்கு வெள்ளை. சிவப்பின்மேல் வெள்ளை அடித்தால் எத்தனை பூச்சு போட்டாலும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். அதனால் வெள்ளை முதலில், பிறகு அதை மூடிவிட்டுச் சிவப்பு.

நிஜ வண்டி டார்ட்டன் ரெட், கூரை ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட். கூரைக்கு நான் எடுத்தது ரேசிங் ஒயிட், லேசான பால்கோவா நிறம். சிவப்புக்குக் கையில் இருக்கும் டப்பாவின் பெயர் இத்தாலியன் ரெட். ஸ்காட்லாந்துப் பெயருள்ள நிறத்துக்கு இத்தாலிப் பெயருள்ள டப்பா. ராலியில் இரண்டாவதாக வந்தது இத்தாலியின் லான்சியா ஃபுல்வியா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் லான்சியாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருக்கட்டும்.

கேரேஜில் நான்கு டிகிரி. அந்தக் குளிரில் அப்படியே அடித்தால் பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி படியும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, உடலை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்து எடுத்தபின் அடித்தேன். பரவாயில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து சிவப்பு அடித்தேன். கேரேஜ் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். "ஏங்க, நாள் கிழமையில வீடு முழுக்க தின்னர் நாத்தம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான். சர்க்கரைப் பொங்கலிலும் லேசாக அந்த வாசம்.

வெயில்: மத்தியானம் நாற்பது நிமிடம்!

ஜனவரி 20, சனி

கேடனில் உள்ள கார் அருங்காட்சியகம். குடும்பத்தோடு போனோம். அவர்கள் இரண்டு மணி நேரத்தில் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

மினி மான்டேயில் ஜெயித்தது 1964, 1965, 1967. மூன்று வண்டிகளும் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. ஓட்டியவர்கள் 1964இல் பேடி ஹாப்கர்க், 1965இல் டிமோ மாகினென், 1967இல் ராவ்னோ ஆல்டோனென். நடுவில் ஒரு வருடம் இல்லை. உண்மையில் 1966இல்தான் முதல் மூன்று இடத்தையும் மினியே பிடித்தது. முடிவில் முகப்பு விளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒற்றை இழை குவார்ட்ஸ் பல்பு, விதிப்படி அதில் ஒளியைத் தாழ்த்த வழியில்லை என்று மூன்றையும் தள்ளினார்கள். பரிசு சிட்ரோயனுக்குப் போனது. ஓட்டத்தில் தோற்றால் மனசு ஆறும், பல்பில் தோற்றால் எப்படி ஆறும்? அடுத்த வருடமே திரும்பி வந்து ஜெயித்த வண்டி என்பதால்தான் எல்பிஎல் 6டி என்ற அந்த நம்பர் பிளேட் எனக்குப் பிடிக்கிறது.

குனிந்து குனிந்து மடிப்பைத்தான் பார்த்தேன். கார் பார்க்க வருகிறவர்கள் இப்படி மூலையை வெறிக்க மாட்டார்கள் போல. காவலர் இரண்டு முறை என் பக்கம் நடந்து வந்தார்.

ஜனவரி 27, சனி

எழுதவே பிடிக்கவில்லை. பாலிஷ் போடும்போது இடது முன்பக்க மடிப்பில் சிவப்பு போய், ப்ரைமர் சாம்பலாகத் தெரிகிறது. கூர்மையான விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும். தெரிந்தும் தேய்த்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஸ்பிரேயை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் பீய்ச்சி, அரை மணி நேரம் காற்று போகவிட்டு, பூஜ்யம் நம்பர் தூரிகையில் தொட்டு வரம்பின்மேல் மட்டும் வைத்தேன். மூன்று தடவை, நடுவில் நன்றாகக் காயவிட்டு. தூரத்திலிருந்து தெரியவில்லை. கிட்டே போனால் தெரிகிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் டீ குடிக்க வந்தார். லாங்பிரிட்ஜில் பாடி ஷாப்பில் இருந்தவர். மாடலைக் கையில் வாங்கினதும் மடிப்பைத்தான் விரலால் தடவினார். வெளியே துருத்தி விட்டதால் பற்றவைக்கும் துப்பாக்கி சுலபமாக எட்டும், வேலை மிச்சம், காசு மிச்சம் என்றார். முதல் மினியின் விலை வரியோடு 496 பவுண்டும் சில்லறையும். ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒன்றை வாங்கிப் பிரித்துக் கணக்குப் போட்டு, வண்டிக்கு 30 பவுண்ட் நஷ்டத்தில் விற்கிறார்கள் என்று முடிவுக்கு வந்த கதை ஊரறிந்தது. மினிக்காரர்கள் காசு மிச்சம் பிடித்த இடத்தில்தான் நான் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கதவின் இடைவெளியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீராக இருந்தால் இது நாங்கள் செய்த வண்டி இல்லை" என்று சிரித்தார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நான்கு வாரத்தில் டெக்கால் ஓரளவு வெளுத்தது. கத்தரித்து, தண்ணீரில் முப்பது விநாடி, அப்புறம் ஈரத் துணியில் காத்திருப்பு. வலது கதவின் ராலி எண் 177 சமர்த்தாக வழுக்கி உட்கார்ந்தது. இடது கதவில் நடுவிலிருந்த 7 இரண்டாகக் கிழிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். எல்லாக் கண்டமும் அந்த இடது பக்கத்துக்கே.

கண்ணாடிகளுக்குச் சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி பட்டால் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். மகளின் பள்ளிப் பையிலிருந்து வெள்ளைப் பசை கடன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கூரைமேல் கேரியர். பித்தளைக் கம்பியை வளைத்து நானே செய்தேன். 1967இல் டயருக்குக் கட்டுப்பாடு வந்தது: எட்டு டயருக்குள் சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் நேரத்தில் அபராதம். அதனால் நான்கில் ஓடி, நான்கைச் சுமந்தார்கள். பழைய பெட்டியிலிருந்து இரண்டு சின்ன டயரை எடுத்து மேலே கட்டினேன். ஆல்டோனெனும் பக்கத்து இருக்கையில் வழிகாட்டிய ஹென்றி லிடனும் அந்தப் பனிமலைகளையெல்லாம் தாண்டி லான்சியாவை முந்தியது வெறும் 13 வினாடியில். நான் ஒரு வைப்பரைக் கம்பளத்தில் தொலைத்துத் தேடிய நேரம் நாற்பது நிமிடம். கடைசியில் என் ஸ்வெட்டர் கையில் ஒட்டியிருந்தது.

அலமாரியில் வைத்தாயிற்று. வலது பக்கம் ஹாலைப் பார்க்க, இடது பக்கம் சுவரைப் பார்க்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தால் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.