40 மில்லிஆம்பியரில் செத்த லேசர்

போன மாதம் செம்பனைத் தோட்டத்து வேலை எடுக்கிற காண்ட்ராக்டர் ஒருத்தர், சுவரில் சிவப்புக் கோடு போடும் லேசர் லெவலைக் கடைக்குக் கொண்டுவந்தார். டையோடை மட்டும் தனியாகச் சோதிப்போமே என்று பவர் சப்ளையை 5 வோல்ட்டில் வைத்தேன். வயர் இரண்டையும் ஒட்டவைத்து கரண்ட் லிமிட்டை, அதாவது இதற்கு மேல் மின்னோட்டம் போகக் கூடாது என்கிற வரம்பை, 40 மில்லிஆம்பியருக்குத் திருகினேன். பிரித்தேன். டையோடில் தொட்டேன்.

அணையவில்லை. மங்கலாக, சாமி விளக்குத் திரி மாதிரி எரிந்தது. கோடு மட்டும் இல்லை. செத்த லேசர் டையோடு அப்படித்தான், சாதாரண எல்இடியாகிவிடும்.

"லிமிட்டு வச்சீங்கதானே அண்ணே?" என்றார். வைத்தேன்தான். மீட்டரும் 40-தான் காட்டியது. ஆனால் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் கண் திறக்கும்.

கண நேர மாற்றத்தையும் படமாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை, சுங்கை சிப்புட் ஊரில் வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கிவந்தேன். ஒரு சிவப்பு எல்இடி, அதோடு தொடரில் 1 ஓம் ரெசிஸ்டர். ஸ்கோப்பை ஒரே ஒரு தடவை பிடித்து நிறுத்தும் ஒற்றை டிரிகரில் போட்டு, அதேபோலத் தொட்டேன். திரையில் கரண்ட் அரை ஆம்பியருக்கு மேல் முள்போல எகிறியது, இறங்கவே ஒன்றிரண்டு மில்லிசெகண்டு.

சப்ளையின் மூடியைக் கழற்றினால் அவுட்புட் முனையிலேயே, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நான் வளர்ந்த லயத்துப் பொதுக்குழாய் ஞாபகம் வந்தது. குழாயை நூல்போல ஒழுகவிட்டாலும், கீழே நிரம்பி நிற்கும் வாளியைக் கவிழ்த்தால் மொத்தமும் காலில்தான். லிமிட் சர்க்யூட் காவல் நிற்பது கெப்பாசிட்டருக்கு முன்னால். அதற்குள் ஏற்கனவே சேர்ந்த 5 வோல்ட்டை யார் தடுப்பது?

இப்போது சப்ளையை ஆன் செய்தபின் முதலில் டையோடை மாட்டிவிடுகிறேன், வோல்ட்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போதே. பிறகுதான் மெல்ல ஏற்றுவது. சப்ளையை ஆன் ஆஃப் செய்யும்போது முனையில் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. சில மலிவான சப்ளைகளில் உள்சர்க்யூட் விழிப்பதற்குள் வோல்ட்டேஜ் ஒரு துள்ளு துள்ளும்.

அவருக்குப் புது லெவல் வாங்கித் தந்ததில் 180 வெள்ளி (ரிங்கிட்) போச்சு.

470-ஐக் கழற்றி 47 போட்டும் பார்த்தேன். முள் சிறுத்தது. ஆனால் லோடு மாறும்போதெல்லாம் அவுட்புட் அலை அலையாக ஆடியது. பழையதையே திரும்பப் பற்றவைத்துவிட்டேன்.