படிப்பு முடியுமுன் நாலு பேரைப் போய்ப் பாருங்கள்

எந்த வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், அந்த வேலையில் இருப்பவரை நேரில் பார்த்து அரை மணி நேரம் பேசினாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தேடி வந்தால், சிபாரிசுக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைப்பார்கள். அந்த நினைப்பு இருக்கும்வரை யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் அனுப்பும் முதல் செய்தியிலேயே அதைத் தெளிவாக்கிவிடுங்கள்:

“வணக்கம் சார். மன்னார்குடியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாடு வேலை எப்படி இருக்கும் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. வேலையோ சிபாரிசோ கேட்டு வரவில்லை. உங்களுக்கு வசதியான நாளில் 20 நிமிடம் கிடைக்குமா?”

இவ்வளவு போதும். பயோடேட்டாவை இணைத்தால் மேலே எழுதியது பொய்யாகிவிடும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

டெல்டாவில் இதற்கும் பருவம் உண்டு. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்துவிட்டால் நீர்வளத்துறை, வேளாண்மைத் துறை ஆட்களைப் பிடிக்க முடியாது. அக்டோபரிலிருந்து மழை, பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு. தை, மாசியில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்திலும் ஆலையிலும் ஓய்வே இருக்காது. ஏப்ரல் பாதிக்குமேல் கேட்டால் பெரும்பாலும் நேரம் கிடைக்கும். வங்கி, கூட்டுறவுச் சங்கம் என்றால் மார்ச் கடைசியைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பெரியவர்கள் இருவரும் ஊர், உறவு, நெல் விலை என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பெண்கள் ஒரு தோழியோடு, அலுவலக நேரத்தில், அலுவலகத்திலேயே பார்ப்பது நல்லது.

வேலைக்குச் சேர்ந்து 3 முதல் 5 வருடம் ஆனவரே சரியான ஆள். 25 வருடம் ஆனவர் உள்ளே வந்த வழி இன்று திறந்திருக்குமா என்பது சந்தேகம்.

“இந்த ஃபீல்டில் ஸ்கோப் இருக்கா சார்?” என்று கேட்கவே கேட்காதீர்கள். “இருக்குப்பா, நல்லா படி” என்பதற்குமேல் அதற்குப் பதில் வராது. “நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை, வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு எழுதுவது. நேற்றைய நாளைச் சொல்லச் சொன்னால்தான் மற்றதெல்லாம் வெளியே வரும்: ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் நெல்லை எடுக்க முடியாது என்று ஒரு விவசாயியிடம் முகம் பார்த்துச் சொல்வது, சாக்கு தீர்ந்துபோவது, லாரி வராத இரவில் மழைக்கு முன் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடுவது. அங்கிருந்து அடுத்த கேள்விகள் தாமாக வரும். எடை குறைந்தால் யார் பொறுப்பு? கொள்முதல் இல்லாத மாதங்களில் என்ன செய்கிறீர்கள்? இந்தப் பதில்கள் எந்த அறிவிக்கையிலும் இருக்காது.

அறிவிக்கையில் இருப்பதைக் கேட்டு அவர் நேரத்தை வீணாக்காதீர்கள். வேளாண்மை அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும், தாவரவியல் போதாது என்பதைப் போகும் முன்பே படித்திருக்க வேண்டும். “உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டால் முகம் சுருங்கும். “புதிதாகச் சேருபவருக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை?” என்றால் தயங்காமல் சொல்வார்கள்.

ஒருவர் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். மாற்றல் வந்த கோபத்தில் இருப்பவருக்கு அந்த வேலையே நரகம்; முதலாளிக்கு அதுவே சொர்க்கம். ஒரே வேலைக்கு மூன்று நான்கு பேரைப் பாருங்கள், அதில் ஒருவர் அந்த வேலையை விட்டு வந்தவராக இருக்கட்டும். அவரிடம் கிடைப்பது மற்றவர்களிடம் கிடைக்காது. பேசும்போது ரெக்கார்ட் செய்யாதீர்கள், வாய் அடைத்துவிடும். ஒரு சின்ன நோட்டில் குறித்து, அன்று இரவே விரிவாக எழுதிவிடுங்கள்.

20 நிமிடம் ஆனதும் நீங்களே எழுந்திருங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காரலாம். கிளம்பும் முன், “இன்னும் யாரைப் பார்க்கலாம் சார்?” என்று கேளுங்கள். எண் கொடுத்தால், “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா? அப்புறம் கூப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். மறுநாள் நன்றி சொல்லி அனுப்பும் செய்தியில், அவர் சொன்னதில் எது உங்களுக்குப் பயன்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த இன்னொருவரிடம் சொல்லிவிட்டாரா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம்.