பின் குத்தி வைத்த மெனு

இன்று மதியம் என் லினக்ஸ் திரைக்குள்ளேயே இன்னொரு திரையைத் திறந்தேன். ஸெஃபிர் என்ற நிரல்தான் இதற்கு உதவியது. வெளியே பார்க்க ஒரு சாதாரண ஜன்னல், உள்ளே தனி எக்ஸ் சர்வர், அதாவது ஜன்னல்களைத் திரையில் வரைந்து காட்டும் நிரல். அதில் ஓப்பன் லுக் என்ற பழைய திரை வடிவமைப்பு (மெனு, பட்டன், ஜன்னல் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பது) ஓடுகிறது.

மெனு மூலையில் ஒரு சின்னப் பின் படுத்துக் கிடக்கிறது, நோட்டீஸ் போர்டில் குத்துவோமே, அதே பின். கிளிக் செய்தால் குத்தி நிற்கும். நாம் எடுக்கும் வரை மெனு அங்கேயே இருக்கும்.

எவ்வளவு அக்கறையான யோசனை!

ஸ்க்ரோல்பாரும் அப்படித்தான். மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டும் நகரும் கட்டையிலேயே ஒட்டியிருக்கும். மவுஸ் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அலைய வேண்டாம்.

சன் என்ற கணினி நிறுவனமும் ஏடி அண்ட் டியும் 1980களின் கடைசியில் கொண்டுவந்தது இது. 1993இல் யுனிக்ஸ் இயங்குதளம் விற்ற நிறுவனங்கள் பொதுவான ஒரு டெஸ்க்டாப்புக்கு ஒப்புக்கொண்டபோது, சன்னும் போட்டி வடிவமைப்பான மோட்டிஃப் பக்கம் போனது. ஓப்பன் லுக் தோற்றது மோசமான வடிவமைப்பு என்பதால் அல்ல.

நிழலோ விளிம்போ இல்லாத இன்றைய தட்டை டிசைன்களில் எது பட்டன், எது வெறும் எழுத்து என்று தேட வேண்டியிருக்கிறது. டிசைன் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறையாவது இதை ஓட்டிப் பாருங்கள். ஜன்னலை மூடினால் போதும், உங்கள் டெஸ்க்டாப் பழையபடியே இருக்கும்.