ரிவர்ஸ் கேமரா: மூன்று ஞாயிறு, ஒரு ஒயர்

எங்கள் கார் 2016 மாடல். புதுக் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம் என்று ஆனதே 2019 ஜூலையில்தான், அதனால் இதில் கம்பெனி கொடுத்த சென்சாரும் கிடையாது, கேமராவும் கிடையாது. ஸ்கிரீன் வைத்த ஸ்டீரியோ மாற்றியபோது கடையில் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சின்ன கேமராவை மாட்டிக் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் ரிவர்ஸ் போட்டால் ஸ்கிரீன் கருப்பு. தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்புக்கு 950 ரூபாய் அபராதம்.

முதல் ஞாயிறு. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போட்டேன். படம் இல்லையே தவிர பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் வந்துகொண்டிருந்தன. என் காரில் அந்தக் கோடுகளை வரைவது ஸ்டீரியோ, கேமரா இல்லை. ஆக ரிவர்ஸ் விழுந்த சேதி முன்னால் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, ரிவர்ஸ் லைட்டும் எரிகிறது, பியூஸைத் தேடி டாஷ்போர்டுக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை. ரிவர்ஸ் போட்டும் பாட்டு ஸ்கிரீனே அசையாமல் நின்றால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

டிக்கியைத் திறந்து, உள்பக்க பிளாஸ்டிக் கவரைக் கழற்றி (இரண்டு கிளிப் உடைந்தது, இது கணக்கில் வராது), கேமராவுக்குப் போகும் சிவப்பு கருப்பு ஒயரில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.1 வோல்ட். கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் ஒயர் முனையில் மட்டும் பார்த்தால் மீட்டர் ஏமாற்றும்: உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டும், லோடு ஏறியதும் படுத்துவிடும். அதனால் கேமரா மாட்டியிருக்கும்போதே பார்த்தேன். கரண்ட் வருகிறது, படம் வரவில்லை, சரி, கேமரா காலி. இவ்வளவு பார்த்தவன் எழுந்து போய் ஸ்கிரீனை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு. புதுக் கேமராவைப் பழைய ஒயரிலேயே மாட்டினேன். முன்னால் போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது! இடம் வலம் மட்டும் மாறியிருந்தது. கேமரா ஒயரோடு பச்சையில் ஒரு சின்ன வளையம் விட்டிருப்பார்கள், அதை வெட்டினால் சரியாகும் என்று கூடவே வந்த துண்டுச் சீட்டில் இருந்தது, வெட்டினேன், சரியானது. கவரை மாட்டி, கை கழுவி, டீ குடித்துவிட்டு வந்து ரிவர்ஸ் போட்டால் மறுபடியும் கருப்பு.

மகளை முன் சீட்டில் உட்கார வைத்து, படம் வந்தால் சொல்லு என்றேன்.

டிக்கியைத் தூக்கினேன். "வந்துருச்சுப்பா."

இறக்கினேன். "போயிருச்சு."

பாதியில் நிறுத்தினேன். "ஆடுதுப்பா, கோடு கோடா வருது."

அப்போதுதான் உறைத்தது. கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவில் ஒரு மடிப்பு ரப்பர் குழாய் இருக்கிறதே, எல்லா ஒயரும் அதற்குள்தான் போகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதே இடத்தில் மடங்கி மடங்கி படத்தை முன்னால் கொண்டுபோகும் வீடியோ ஒயரின் நடுக்கம்பி உள்ளேயே அறுந்திருக்கிறது. மேல்தோல் முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நான் ரிப்பேர் பார்த்ததெல்லாம் கதவு திறந்திருக்கும்போது, கார் ஓட்டுவது மூடியிருக்கும்போது! உறுதிப்படுத்த, புதுக் கேமராவோடு வந்த ஆறு மீட்டர் வீடியோ ஒயரை (முனையில் மஞ்சள் பிளக் இருக்கும்) பின் சீட் வழியாகத் தரையிலேயே இழுத்து ஸ்டீரியோவில் சொருகினேன். கதவை எப்படி ஆட்டினாலும் படம் அசையவில்லை. பழைய கேமராவை அதே ஒயரில் போட்டேன். அதுவும் அருமையாக வேலை செய்தது. வயிறு எரிந்தது.

இதற்குள் முக்கால் மணி நேரம் ஸ்கிரீனும் ரிவர்ஸ் லைட்டும் எரிந்து பேட்டரி 11.9க்கு இறங்கியிருந்தது. செங்கலை எடுத்துவிட்டு கொஞ்ச நேரம் வண்டியை ஓட விட்டேன்.

மூன்றாவது ஞாயிறு. ரப்பர் குழாயை இரண்டு பக்கமும் பிடுங்கி, பழைய வீடியோ ஒயரில் அந்த மடிப்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன். தோலை உரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்துத் துண்டாகிக் கிடந்தது. மழை அதன் பங்கைச் செய்திருக்கிறது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. புது ஒயரிலிருந்து ஒரு முழ நீளம் வெட்டி நடுவில் வைத்தேன். ஒரு ஜாயின்ட் கூரைப் பக்கம், இன்னொன்று கதவுப் பக்கம். ரப்பருக்குள் ஜாயின்ட் வந்தால் ஆறே மாதத்தில் திரும்ப அறுந்துவிடும். நடுக்கம்பியைத் தனியாக சால்டர் செய்து ஸ்லீவ் போட்டு, அதன் மேல் வலைக்கம்பியைச் சுற்றி அதையும் சால்டர் செய்து, இன்னொரு ஸ்லீவ். இரண்டும் தொட்டுக்கொண்டால் படம் வராது, அவ்வளவு பொறுமையாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. பக்கத்தில் போகும் சிவப்பு ஒயரின் தோலும் வெடிக்க ஆரம்பித்திருந்தது, அதையும் அதே மாதிரி மாற்றினேன்.

டிக்கியை முப்பது தடவை திறந்து மூடியாகிவிட்டது. மகள் இருபதோடு எழுந்து போய்விட்டாள். படம் நிற்கிறது. பழைய கேமராவே வண்டியில் இருக்கிறது, பச்சை வளையம் வெட்டிய புதுசைக் கடையில் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்கள். உடைந்த கிளிப்பினால் ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம், அது வரும் ஞாயிறு.