கோபுரக் கணக்கும் கிடைக்காத அழைப்பும்

2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைச் சூறையாடிய பின்னர், தொலைத்தொடர்பு எங்கெங்கே அறுந்தது என்பதை நிறுவனங்களிடமிருந்து நாள்தோறும் திரட்டுவதற்காக, அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2007-இல் பேரிடர் அறிக்கை முறை ஒன்றைத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் மரியா புயல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப்போட்டபோது, செல்பேசிக் கோபுரங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் முடங்கியதை உலகம் அறிந்தது இவ்வறிக்கைகளின் வழியாகத்தான்.

ஆயினும் சதவீதம் பாதிக் கதைதான். நகரத்தில் ஒரு கோபுரம் விழுந்தால் பக்கத்துக் கோபுரம் ஓரளவு ஈடுகட்டும். மலைக்கிராமத்தில் இருக்கும் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. மின்சாரம் இல்லாமல் நின்றதா, கோபுரமே சேதமடைந்ததா, இணைப்பு வடம் அறுந்ததா என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகளே என் பார்வையில் உண்மையில் பயன்படுபவை. டீசலை அனுப்புவதா, வடம் ஒட்டும் ஆட்களை அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அதுவே தேவை. நிறுவனவாரியான விவரங்கள் இரகசியமாக வைக்கப்படுவதால், எந்த நிறுவனத்தின் சிம் வேலை செய்யும் என்பது மட்டும் பொதுமக்களுக்குத் தெரிவதில்லை.

இத்தனைக்கும் இம்முறை நெடுங்காலம் விருப்பத்தின் பேரிலேயே இயங்கியது (புயலுக்கு நடுவே விருப்பமாம்!). செல்பேசி, தரைவழித் தொலைபேசி, கேபிள் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்க ஆணையம் முடிவெடுத்தது 2024-இல்தான்.