முழுக்கைச் சட்டையும் விலை உயர்ந்த கைக்கடிகாரமும்

சென்னையில் தங்கச் சங்கிலி அணிந்து வெளியே செல்லும் பெண்களுக்கு யாரும் புதிதாக எச்சரிக்கை சொல்ல வேண்டியதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நடப்பது இங்கே அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. சில லட்ச ரூபாய் மதிப்புள்ள கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு திரியும் ஆண்களிடம் அப்படியொரு பழக்கம் இன்னும் உருவாகவில்லை. அண்மைக் காலமாகக் கடிகாரப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் லண்டனிலும் பாரிஸிலும் நடக்கும் பறிப்புகளின் காணொளிகள் வலம் வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, ஆசை ஆசையாக வாங்கிய கடிகாரத்தை வங்கி லாக்கரில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு நடமாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தப் பயத்தில் பாதி நியாயமானது, மீதிப் பாதி இறக்குமதி செய்யப்பட்டது என்பதே என் எண்ணம்.

வெளிநாட்டுச் செய்திகள் பொய்யல்ல. 2021 ஜூலையில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் யூரோ கோப்பை இறுதியாட்டம் முடிந்து வெளியே வந்த கார் பந்தய வீரர் லாண்டோ நோரிஸின் கடிகாரம் பறிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் இத்தாலியின் வியாரெஜ்ஜோ நகரில் இன்னொரு கார் பந்தய வீரர் சார்ல் லெக்லேரும், அதே மாதம் கிழக்கு லண்டனில் துப்பாக்கி முனையில் குத்துச்சண்டை வீரர் அமீர் கானும் தம் கடிகாரங்களை இழந்தார்கள். விலை உயர்ந்த கடிகாரங்களைக் கட்டிய காவலர்களையே சாதாரண உடையில் மத்திய லண்டன் தெருக்களில் இரவில் உலவவிட்டு, பறிக்க வருபவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கும் அளவுக்கு அந்நகரக் காவல் துறை போக வேண்டியிருந்தது. ரோலக்ஸ் டேடோனா, பாடெக் ஃபிலிப் நாட்டிலஸ், ஓடெமார் பிகே ராயல் ஓக் போன்றவை கடையில் கேட்டால் உடனே கிடைப்பதில்லை. அதனால் பழைய கடிகாரச் சந்தையில் அவற்றின் விலை கடை விலையையும் தாண்டிப் போனது. திருடிய பொருளுக்கு உடனடியாகக் கைமாற்ற ஒரு சந்தை இருந்ததால்தான் அதற்கென்றே தேர்ச்சி பெற்ற கும்பல்கள் உருவாயின.

அந்தத் தேர்ச்சிக்கு நேப்பிள்ஸ் நகரத்து உத்தி ஒன்றைச் சொல்லலாம். அங்கே கார்களில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். ஸ்கூட்டரில் வரும் ஒருவன் காரின் இடப்பக்கக் கண்ணாடியை வேண்டுமென்றே இடித்து மடக்கிவிட்டுப் போவான். ஓட்டுநர் ஜன்னலை இறக்கி, கண்ணாடியைச் சரிசெய்ய இடக்கையை வெளியே நீட்டுவார். கடிகாரம் கட்டிய அந்த மணிக்கட்டுக்காகவே பின்னால் இரண்டாமவன் வந்துகொண்டிருப்பான். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். அவருடைய இடக்கை கியர் மீது காருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இங்கே ஓட்டுநரைக் காட்டிலும், அவருக்கு அருகில் அமர்ந்து, திறந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கடற்காற்று வாங்குபவர்தான் கவனமாக இருக்க வேண்டியவர். ஆட்டோவிலும் கணக்கு இதேதான்: வலப்பக்கம் கம்பி தடுத்திருக்கும், இடப்பக்கம் திறந்து கிடக்கும், ஓரத்தில் அமர்ந்து பிடிமானத்துக்கு நீட்டும் கையும் பெரும்பாலும் இடக்கையாகவே இருக்கும். ஆட்டோவில் ஏறினால் உள்ளே தள்ளி வலப்பக்கமாக அமர்ந்துவிடுவது என் வழக்கம்.

சென்னைத் திருடர்களின் கண் இன்னும் தங்கத்தின் மீதும் கைப்பேசியின் மீதும்தான் இருக்கிறது. 2025 மார்ச் 25 காலையில் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் தென்சென்னையின் பல இடங்களில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துச் சங்கிலிகளைப் பறித்துவிட்டு, விமானத்தில் தப்ப முயன்று விமான நிலையத்தில் பிடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் தேடி வந்தது தங்கத்தை. ஒரு சவரன் என்றால் 8 கிராம், அன்றைய விலை ஊருக்கே தெரியும், உருக்கிவிட்டால் யாருடையது என்ற அடையாளமும் போய்விடும். கைக்கடிகாரத்தில் இந்த வசதி எதுவும் இல்லை. அதில் சீரியல் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது; பெட்டியும் வாரண்டி அட்டையும் இல்லாமல் நல்ல விலை கிடைக்காது; விவரம் தெரிந்த ஆள் ஒருவனைத் தேடிப் பிடித்தால்தான் விற்கவே முடியும். சங்கிலி ஓர் இழுப்பில் அறுந்து வந்துவிடும், மடிப்புக் கொக்கி போட்ட எஃகுப் பட்டை அப்படி வராது. மேலும் நம் தெருக்களுக்கு ரோலக்ஸின் பெயர் தெரியுமே தவிர முகம் தெரியாது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவின் கையில் தங்க நிற ராடோ மின்னினால் அதுதான் செல்வத்தின் உச்சம் என்று நினைத்த தலைமுறை நம்முடையது. பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கும் போலிகள் நமக்குச் செய்த ஒரே உபகாரம், அசலைக் கட்டியிருந்தாலும் அதுவும் போலியாகத்தான் இருக்கும் என்று பார்ப்பவர் முடிவு செய்துகொள்வது.

இதைச் சொல்லி யாரையும் அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை. இங்கே கடிகாரத்துக்கு உண்மையான ஆபத்து, அதை மட்டும் குறிவைத்து வருபவனிடமிருந்து அல்ல. பின்னிரவில் ஆள் நடமாட்டமற்ற இணைப்புச் சாலையிலோ மேம்பாலத்தின் அடியிலோ கத்தியைக் காட்டி, இருப்பதையெல்லாம் கழற்று என்று மிரட்டுபவனிடமிருந்து வருகிறது. கைப்பேசியோடும் பர்ஸோடும் சேர்ந்து போகும் கடிகாரத்தின் மதிப்பு அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே எந்த நேரத்தில், எந்த வழியில், எதில் போகிறோம் என்பதை வைத்தே எதைக் கட்டுவது என்று நான் முடிவு செய்கிறேன். டிசம்பரில் கச்சேரிக்கு மியூசிக் அகாடமி போகும்போது நல்ல கடிகாரம், இரவு வீடு திரும்புவது காரில் என்றால் மட்டும். இரு சக்கர வாகனத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் போவதாக இருந்தால் ஓசூரில் தயாரான டைட்டன் போதும். அது அன்றாட வேலைக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா நாளன்று மாட வீதிகளில் எதையுமே கட்டுவதில்லை. அந்த நெரிசலில் மணி பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

முழுக்கைச் சட்டை இந்த ஊர் வெயிலுக்கு ஒரு தண்டனை என்பது தெரியும். ஆனால் பொத்தான் போட்ட கைப்பட்டியைப் போன்ற மலிவான பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை. கடிகாரத்தின் தடிமனும் இதில் கணக்கில் வருகிறது. முக்குளிப்போருக்கென்று செய்யப்பட்ட தடித்த கடிகாரம் கைப்பட்டிக்குள் நுழையாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; மெல்லிய கடிகாரம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். தங்க நிறத்தைவிட எஃகு அடக்கமானது, எஃகிலும் மெருகேற்றிப் பளபளப்பாக்கியதைவிட மங்கலாகத் தேய்த்து முடித்தது இன்னும் அடக்கமானது. இடக்கையில் கட்டியதை உள்மணிக்கட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது அது பயன்படும் என்று சொல்வார்கள். எனக்கு அது வசப்படவில்லை, கண்ணாடியில் கீறல் விழும் பயமே பெரிதாக இருக்கிறது.

பட்டையைப் பற்றி ஒரு செய்தி. பாரிமுனைப் பக்கம் எனக்குப் பழக்கமான கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், ஒரு முறை என் கடிகாரத்தைக் கவிழ்த்துவைத்து, பட்டையையும் கடிகாரத்தையும் பிணைக்கும் இரண்டு சிறு கம்பிகளில் ஒன்றைச் சாமணத்தால் வெளியே எடுத்துக் காட்டினார். சென்னை வியர்வையில் அது பழுப்பேறி, ஒரு முனை தேய்ந்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங் அமுங்கினால் திரும்ப எழாமல் கிடந்தது. “சார், இந்தக் கம்பி இருபது ரூபா. வாட்ச் எத்தனை ரூபான்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். திருடனே வேண்டாம், ரயிலில் யாராவது தோளால் இடித்தாலே அந்தக் கம்பி விட்டுப் போயிருக்கும். அதன் பிறகு வெளியூர்ப் பயணங்களுக்கு, இரண்டு கம்பிகளுக்கும் அடியில் நுழைந்து போகும் ஒரே நீள நைலான் பட்டையைப் போட்டுக்கொள்கிறேன். ஒரு கம்பி விட்டாலும் மற்றொன்றில் கடிகாரம் தொங்கிக்கொண்டு கையிலேயே நிற்கும். பார்ப்பதற்கும் மலிவான பொருளாகவே தோன்றும். நனைந்தால் சீக்கிரம் உலர்வது கூடுதல் வசதி.

தெருவில் எடுக்கும் கவனத்தில் கால்பங்கைக் கூட நாம் கைப்பேசியில் எடுப்பதில்லை என்பது என் பெரிய குறை. புதிய கடிகாரத்தைக் கட்டிய கையை, காரின் ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் படம் எடுத்து, இருக்கும் காபிக்கடையின் பெயரையும் போட்டு, அதே நிமிடத்தில் இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். தெருவில் போகும் முன்பின் தெரியாதவனுக்கு அடையாளம் தெரியாத அந்தக் கடிகாரத்தின் மாடல் எண், விலை, அணிந்திருப்பவர் இப்போது இருக்கும் இடம் மூன்றையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். படம் போடுவதென்றால் வீடு திரும்பிய பிறகு, இடம் தெரியாமல் போடலாமே. பழைய கடிகாரத்தை வாங்கவோ விற்கவோ சந்திப்பதானால் வங்கிக் கிளைக்குள்ளேயோ கேமராக்கள் நிறைந்த வணிக வளாகத்திலோ பகலில் சந்திக்க வேண்டும். “வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் சார்” என்பவரை மரியாதையாகத் தவிர்த்துவிடுவது நல்லது. விமான நிலையச் சோதனையில் தட்டில் தனியாகக் கழற்றி வைக்காமல், வரிசையில் நிற்கும்போதே கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

லாக்கரை நம்புபவர்களுக்கு ஒரு தகவல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ள பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 3 லட்சம். வீட்டுக் காப்பீட்டை எடுத்துக்கொண்டால், பல பாலிசிகள் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டுமே பொறுப்பேற்கும்; கையில் கட்டிக்கொண்டு வெளியே போகும்போதும் பாதுகாப்பு வேண்டுமானால், விலை உயர்ந்த பொருள்களுக்கான கூடுதல் பிரிவில் கடிகாரத்தைத் தனியாகக் குறிப்பிட்டு, பில்லோ மதிப்பீட்டுச் சான்றோ கொடுத்திருக்க வேண்டும். முகவர் தலையாட்டுவதை நம்பாமல் பாலிசியில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களை விற்கும் கடைக்காரர் 1 சதவீதம் வரியை மூலத்தில் வசூலிக்க வேண்டும் என்பதால் அந்த விற்பனை உங்கள் பான் எண்ணோடு பதிவாகிவிடுகிறது. பலரும் முகம் சுளித்த அந்த விதி, கடிகாரம் உங்களுடையதுதான் என்று காட்டும் இன்னொரு சான்றாகவும் நிற்கும். சீரியல் எண்ணைத் தனியே படம் எடுத்து வையுங்கள். பழைய ரோலக்ஸ்களில் அது பட்டையைக் கழற்றினால் 6 மணிப் பக்கத்தில் தெரியும். புதியவற்றில் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்திலேயே பொறித்திருக்கிறார்கள்.

மிரட்டுபவன் எதிரே நின்றால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2023 செப்டம்பரில் மிலான் நகரில் கடிகாரத்தைப் பறித்தவர்களைத் துரத்திப் போன கார்லோஸ் சாயின்ஸ் கார் பந்தய வீரர், இளைஞர், உடன் ஆட்களும் இருந்தார்கள். நமக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர்கள் அகன்ற உடனே 112 எண்ணை அழைத்து, வண்டியின் நிறம், எண்ணில் நினைவுள்ள பகுதி, போன திசை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. மிரட்டியோ தாக்கியோ பறித்தால் 309ஆம் பிரிவின்படி வழிப்பறி, பத்து ஆண்டு வரை கடுங்காவல். ஆகவே புகாரில் கத்தியைக் காட்டியதையும் கையை முறுக்கியதையும் விடாமல் எழுத வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்காகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கையை, அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். அதில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணும் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் சரிபார்த்து, அந்த நகலைக் கடிகார நிறுவனத்துக்கும், திருடுபோன கடிகாரங்களைப் பதிவு செய்யும் லண்டனின் வாட்ச் ரெஜிஸ்டர் போன்ற தளத்துக்கும் அனுப்புங்கள். பல ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்து வைக்கும்போது, அந்த எண்ணை வைத்துத்தான் அது பிடிபடும்.