தாடிக்காரரைப் பார்க்க நோல் வரை

லண்டனிலிருந்து செவனோக்ஸுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். அங்கிருந்து நோல் மாளிகைக்கு நடந்தே போய்விடலாம் என்றார்கள். வழியெல்லாம் மேடு என்பதை யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்கப் பூங்காவுக்குள் நுழைந்தால் மான்கூட்டம். ஒரு மான் என் பையையே முறைத்தது. உள்ளே பொடி தடவிய இட்லி. மான்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாதாம், தப்பித்தேன்.

நான் போனது ஒரே ஒரு ஓவியத்துக்காக. ஆங்கிலேய ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்து 1773-இல் லண்டன் ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தின் கண்காட்சியில் வைத்த உகோலினோ ஓவியம். இத்தாலியின் பைசா நகரத்துப் பிரபு உகோலினோவைப் பிள்ளைகளோடு கோபுரத்தில் அடைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய கதை. டோர்செட் கோமகன் 1775-இல் 400 கினிக்கு (அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு) வாங்கிய இந்தப் படம் இன்னும் அவருடைய இந்த மாளிகையில்தான் இருக்கிறது.

ஆனால் அதிலிருக்கும் முகம் ஜார்ஜ் வைட் என்ற கிழவருடையது. தெருவில் கல் பாவும் வேலை பார்த்தவர். வயதான காலத்தில் அவருக்குச் சோறு போட்டது அந்த வெள்ளைத் தாடிதான். ஓவியர்கள் காசு கொடுத்து அவரை உட்காரவைத்து வரைந்தார்கள். ரெனால்ட்ஸ் முதலில் வரைந்தது வெறும் தலையை மட்டும், பயிற்சிக்காக. அதைப் பார்த்த நண்பர் ஒருவர் (எழுத்தாளர் பர்க் என்பார்கள், இன்னொரு எழுத்தாளரான கோல்ட்ஸ்மித் என்றும் சொல்வார்கள்) இது தாந்தேயின் உகோலினோவேதான் என்றாராம். அப்புறம்தான் ஓவியத் துணியோடு இன்னும் துணியை ஒட்டிப் பெரிதாக்கிப் பிள்ளைகளையும் சிறையையும் சேர்த்தார் என்பது ரெனால்ட்ஸின் சீடர் நார்த்கோட் எழுதிவைத்த கதை.

ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் எனக்கு ஒட்டவே இல்லை. நாடக மேடையில் மயங்கி விழுவதுபோல இருந்தார்கள். கிழவர் முகம் அப்படியில்லை. கண்கள் நம் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை. மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தவரின் அலுப்போ என்னவோ, பிரபுவின் துக்கமாக அது நன்றாகவே செல்லுபடியாகிவிட்டது.

இதே கிழவரை நதானியல் ஹோன் என்ற ஓவியர் 1775-இல் ஒரு மந்திரவாதியாக வரைந்தார். பழைய இத்தாலிய ஓவியங்களிலிருந்து ரெனால்ட்ஸ் உருவங்களைச் சுடுகிறார் என்று குத்திக்காட்டுகிற படம் அது. ரெனால்ட்ஸின் ஆளையே பிடித்து அவரைக் கிண்டலடிக்க உட்காரவைத்ததைத்தான் என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. வைட்டுக்கு என்ன, இரண்டு பக்கமும் கூலி.

திரும்பி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பட்டினி கிடந்தவரை அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இருந்தாலும் நாலு இட்லியும் உள்ளே போயிற்று.